வேதக்காரர் இரண்டானது எப்படி?



சுங்கை காடுட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு, "வேதக்கார வீடு" என்றால் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மாரியம்மன் திருவிழாவிலே பந்தல் போட அவர்களும் கை கொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் பலகாரத் தட்டு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போயிற்று. ஆனால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அந்த வேதக்காரர்களுக்குள்ளேயே இரண்டு வகை உண்டு. ஒரு வீட்டுக்காரர் அந்தோணிசாமி, சவரிமுத்து, அருளப்பன், சின்னப்பன் என்று பெயர் வைப்பார்; மற்ற வீட்டுக்காரர் சாமுவேல், யோவான், பவுல்ராஜ் என்று வைப்பார். ஒருவர் பூசைக்குப் போகிறார். மற்றவர் ஆராதனைக்குப் போகிறார். ஒருவருக்குச் சாமியார்; மற்றவருக்குப் போதகர் ஐயா. ஒருவர் சொல்வது செபம், மற்றவர் சொல்வது ஜெபம்.

சாதாரண நாளில் இந்த வேற்றுமை யாரையும் உறுத்துவதில்லை. பெண் கேட்டுப் போகும்போதுதான் உறுத்தும். பையன் மெதடிஸ்ட் சபை, பெண் ரோமன் கத்தோலிக்கம் என்றால், "எல்லாம் ஒரே இயேசுதானே மாமா" என்று பையன் வீட்டார் சொல்வார்கள். "ஒன்றுதான், ஆனால் ஒன்றில்லை" என்று பெண்ணின் தகப்பனார் சொல்வார். எந்தக் கோயிலில் தாலி கட்டுவது, பிறக்கும் பிள்ளைக்கு எங்கே ஞானஸ்நானம் கொடுப்பது என்பதில் பேச்சு முறிந்துபோன சம்பந்தங்கள் நம் தோட்டங்களிலே பல. அப்படி முறித்துக்கொண்டவர்களிடம், இந்தப் பிரிவு எப்போது வந்தது, எதனால் வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் பதில் வராது. "எங்கள் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான்" என்பார்கள். பாட்டனுக்கும் பாட்டன் காலத்துக்கு முந்திய சங்கதி இது. ஐந்நூறு ஆண்டுக் கதை. இன்று அதைத்தான் சொல்லப்போகிறேன். வேதக்காரர் அல்லாத நேயர்களும் கேட்கலாம். நம் தமிழ் முதன்முதலில் அச்சேறிய கதையும் இதற்குள்ளே வருகிறது.

ஜெர்மனி நாட்டிலே ஐஸ்லேபன் என்னும் ஊரில் 1483-ஆம் ஆண்டு மார்ட்டின் லுத்தர் பிறந்தார். தகப்பனார் செம்புச் சுரங்கத் தொழிலில் உழைத்து முன்னுக்கு வந்தவர். மகன் சட்டம் படித்து நாலு பேர் மதிக்க வாழ வேண்டும் என்பது அவர் ஆசை. தோட்டத்திலே பால் வெட்டிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர்களுக்கு அந்த ஆசை புரியும். ஆனால் 1505-இல் மகன் பயணம் போகையில் இடிமின்னலில் அகப்பட்டுக்கொண்டான். உயிர்ப் பயத்தில், "பிழைத்தால் துறவியாகிறேன்" என்று புனித அன்னம்மாளுக்கு நேர்ந்துகொண்டான். நேர்ந்தபடியே மடத்திலும் சேர்ந்துவிட்டான். தகப்பனாருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மடத்திலே லுத்தருக்கு நிம்மதி இல்லை. விரதம் இருந்தார்; இரவெல்லாம் விழித்துச் செபித்தார்; மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்தார். அப்படியும், "கடவுள் என்னை ஏற்றுக்கொண்டாரா?" என்ற கேள்வி அவரை விட்டுப் போகவில்லை. இந்தக் கேள்விதான் விதை. பின்னால் நடந்த சண்டை, அரசியல், யுத்தம் எல்லாம் இந்த விதையைச் சுற்றி முளைத்தவை.

விட்டன்பர்க் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் வேத ஆசிரியராக இருந்தபோது, பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தைப் படித்துப் படித்து ஒரு முடிவுக்கு வந்தார். மனிதன் நற்செயல்களைச் சேர்த்துக் கடவுளின் தயவைச் சம்பாதிக்க முடியாது. அது இலவசமாகக் கிடைப்பது. விசுவாசத்தினால் மட்டுமே அதைப் பெறலாம் என்பது அந்த முடிவு. நம் பாஷையில் சொன்னால் இப்படி. பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்தால் கிடைப்பது சம்பளம். தாய் பிள்ளைக்குப் போடும் சோறு சம்பளம் அல்ல. கடவுளின் மன்னிப்பு சம்பளமா, சோறா? சோறுதான் என்றார் லுத்தர். கத்தோலிக்கச் சபையும் அதைச் சம்பளம் என்று சொல்லவில்லை; அருள்தான் முதலில் வருகிறது, ஆனால் அந்த அருளோடு மனிதனும் ஒத்துழைக்க வேண்டும், நற்செயல் இல்லாத விசுவாசம் உயிரற்றது என்றது. இரண்டுக்கும் வேதத்திலே ஆதாரம் காட்ட முடியும். அதனால்தான் வழக்கு இவ்வளவு நீண்டது.

நெருப்புப் பற்றியது பணத்தினால். "பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள்" என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதைக் கொஞ்சம் திருத்தமாகப் புரிந்துகொள்ள வேண்டும். பையன் ஒருவன் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறான், அவர்களும் மன்னித்துவிடுகிறார்கள். ஆனாலும் கண்ணாடிக்கு ஈடு கட்ட வேண்டுமல்லவா? அதுபோல, பாவசங்கீர்த்தனத்தில் பாவம் மன்னிக்கப்பட்டாலும் அதற்குரிய பரிகாரத் தண்டனை மிஞ்சி நிற்கும். அதை இந்த வாழ்விலோ, இறந்தபின் உத்தரிக்கிற ஸ்தலத்திலோ தீர்க்க வேண்டும் என்பது சபையின் போதனை. அந்த மிச்சத்தைக் குறைக்கும் சலுகைக்குத்தான் சீட்டு. செபத்துக்கும் தருமத்துக்கும் கொடுக்கப்பட்ட சலுகை, காலப்போக்கிலே காசுக்குக் கொடுக்கிற சரக்காகிவிட்டது. 1517-இல் தெட்சல் என்னும் துறவி ஊர் ஊராகப் போய் அதை விற்றார். செத்துப்போன தாய் தகப்பனுக்காகவும் வாங்கலாம் என்றார். ஏழைகள் வாங்காமல் இருப்பார்களா? பெற்றவள் நெருப்பிலே கிடக்கிறாள் என்று சொன்னால் எவன்தான் முடிச்சை அவிழ்க்க மாட்டான்?

வந்த பணம் ரோமாபுரியிலே புனித பேதுரு பேராலயம் கட்டுவதற்கு என்று சொல்லப்பட்டது. பாதி அங்கே போனது உண்மை. மறுபாதி, ஆல்பிரெக்ட் என்ற பேராயர் பதவிக்காகப் பூக்கர் வட்டிக்கடைக் குடும்பத்தாரிடம் வாங்கியிருந்த கடனை அடைக்கப் போயிற்று.

1517 அக்டோபர் 31-ஆம் தேதி லுத்தர் 95 வாசகங்களை எழுதி அந்தப் பேராயருக்கே கடிதத்தோடு அனுப்பினார். விட்டன்பர்க் கோயில் கதவிலே ஆணியடித்து ஒட்டினார் என்பது பிரபலமான கதை. ஆணி அடித்தாரா என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. கடிதம் அனுப்பியதில் வழக்கு இல்லை. அந்த வாசகங்களில் அவர் சபையை விட்டுப் போகிறேன் என்று எங்கும் சொல்லவில்லை. போப்பாண்டவரையும் தள்ளவில்லை. "இதைப் பற்றி விவாதிக்கலாம் வாருங்கள்" என்று லத்தீன் மொழியிலே படித்தவர்களை அழைத்தார், அவ்வளவுதான். அச்சுக்கூடக்காரர்கள் அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்துச் சந்தை சந்தையாகப் பரப்பிவிட்டார்கள். படித்தவர்கள் விவாதம் பாமரர் பேச்சாயிற்று.

ரோமாபுரி முதலில் இதைத் துறவிகளின் சச்சரவு என்று நினைத்தது. பிறகு பின்வாங்கச் சொன்னது. லுத்தரும் ஒவ்வொரு விவாதத்திலும் ஒரு படி மேலே போனார்: போப்பாண்டவரும் தவறலாம், திருச்சங்கங்களும் தவறலாம், வேதம் ஒன்றே முடிவான அதிகாரம் என்றார். பத்தாம் லியோ போப்பாண்டவர் 1520-இல் அறுபது நாள் கெடு வைத்து ஆணை அனுப்பினார். அந்த ஆணையை லுத்தர் டிசம்பர் 10-ஆம் தேதி ஊர் எல்லையிலே தீயில் போட்டார். 1521 ஜனவரியில் சபையிலிருந்து நீக்கப்பட்டார். ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரத்திலே பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னிலையில், "எழுதியதை மறுக்கிறாயா?" என்று கேட்டபோது, மறுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். உயிருக்கு ஆபத்து என்று அறிந்து, அவருடைய பிரபு பிரெடெரிக் அவரை வார்ட்பர்க் கோட்டையிலே ஒளித்து வைத்தார்.

அங்கே அவர் செய்த வேலைதான், என் அபிப்பிராயத்தில், அவர் செய்த எல்லாவற்றிலும் பெரியது. புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்; 1522 செப்டம்பரில் அது அச்சாகி வந்தது. அதற்கு முன்னும் ஜெர்மன் மொழியிலே வேதம் இருந்ததுண்டு. ஆனால் லத்தீனைத் தழுவிய கரடுமுரடான நடை. லுத்தர் வீட்டுத் தாய்மாரும் தெருப் பிள்ளைகளும் சந்தையில் நிற்பவர்களும் பேசுகிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு எழுதினார். 1534-இல் முழு வேதமும் வந்தது.

இந்த இடத்தில் லுத்தருடைய இன்னொரு முகத்தையும் தோட்டத் தொழிலாளர்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டும். வேதத்தைத் தம் மொழியிலே கேட்ட ஜெர்மன் குடியானவர்கள், "கிறிஸ்து எல்லாருக்காகவும் இரத்தம் சிந்தினார் என்றால் நாங்கள் மட்டும் ஏன் பிரபுக்களுக்கு அடிமை?" என்று கேட்டார்கள். 1525-இல் மெம்மிங்கன் நகரில் பன்னிரண்டு கோரிக்கைகள் எழுதினார்கள். எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், காட்டிலே விறகு எடுக்க வேண்டும், ஆற்றிலே மீன் பிடிக்க வேண்டும், அடிமைத்தனம் ஒழிய வேண்டும் என்பவை அவற்றுள் சில. கேட்டால் என்ன தப்பு? லுத்தரும் முதலில் பிரபுக்களைத்தான் கண்டித்தார். ஆனால் கலகம் மூண்டு கோட்டைகள் எரிந்தபோது பயந்துபோனார். குடியானவர்களை வெட்டி வீழ்த்துங்கள் என்று பிரபுக்களுக்கு எழுதினார். அந்தக் கலகத்திலே ஒரு லட்சம் பேர் வரை செத்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஆத்துமாவின் விடுதலையைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசியவர், வயிற்றுப்பாட்டின் விடுதலையில் பிரபுக்கள் பக்கம் சாய்ந்தார். அவரைப் போற்றுகிறவர்களும் இதை மறைப்பதில்லை.

"புராட்டஸ்டண்ட்" என்ற பெயர் வந்தது 1529-இல். ஸ்பையர் நகரத்தில் கூடிய பேரரசின் சபையிலே, சீர்திருத்தத்தைத் தடுக்கும் தீர்மானத்துக்கு ஆறு பிரபுக்களும் பதினான்கு நகரங்களும் எதிர்ப்புத் தெரிவித்தன. எதிர்ப்புத் தெரிவித்தவர் என்பதே அந்தச் சொல்லின் பொருள். சுவிட்சர்லாந்திலே ஸ்விங்கிலியும் கால்வினும் வேறு வழியில் சீர்திருத்தம் செய்தார்கள். இங்கிலாந்திலே எட்டாம் ஹென்றி மன்னர் மனைவியைத் தள்ளிவைக்க அனுமதி கிடைக்காத கோபத்தில், 1534-இல் தாமே சபைக்குத் தலைவர் என்று சட்டம் செய்துகொண்டார். அங்கே காரணம் அவ்வளவு ஆன்மிகமானது என்று சொல்வதற்கில்லை. கத்தோலிக்கச் சபையும் சும்மா இருக்கவில்லை. 1545 முதல் 1563 வரை திரெந்து நகரத்திலே சங்கம் கூட்டித் தன் வீட்டைத் தானே சுத்தம் செய்தது. 1567-இல் ஐந்தாம் பத்திநாதர் போப்பாண்டவர் காசோடு சேர்ந்த சலுகைகளை ரத்து செய்தார். லுத்தர் அப்போது இறந்து இருபத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தப் பிளவின் தழும்பைப் பார்க்க ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. சுங்கை காடுட் நிலையத்தில் ரயிலேறி, ரெம்பாவ் தாண்டி, புலாவ் செபாங்கில் இறங்கி, அங்கிருந்து பேருந்து பிடித்தால் மலாக்கா. அங்கே செயிண்ட் பால் குன்றின் உச்சியிலே கூரையில்லாத பழைய கோயில் நிற்கிறதே, அதைப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போய்ப் பார்த்திருப்பார்கள். 1521-இல், லுத்தர் வோர்ம்ஸ் நகரத்திலே நின்ற அதே ஆண்டிலே, போர்த்துக்கீசியர் அந்தக் குன்றின்மேல் மாதாவுக்குக் கோயில் கட்டினார்கள். தூத்துக்குடிக் கடற்கரையிலே முத்துக்குளிக்கும் பரதவர்களுக்குத் தமிழிலே செபம் சொல்லிக்கொடுத்த சவேரியார், 1545-இல் மலாக்காவுக்கு வந்தார். சவரிமுத்து என்ற பெயர் அவரால் வந்ததுதான். அவர் 1552-இல் சீனக் கரையோரத் தீவொன்றிலே இறந்தபின், கோவாவுக்குக் கொண்டுபோகும் வழியில் அவர் உடல் சில மாதம் அந்தக் குன்றுக் கோயிலிலேயே அடக்கமாகி இருந்தது.

1641-இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள். அவர்கள் கால்வின் வழிப் புராட்டஸ்டண்டுகள். மாதா கோயில் அவர்களுடைய ஆலயமாக மாறிற்று, சுரூபங்கள் போயின, கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை வந்தது. பின்னர் கெடுபிடி தளர்ந்து, 1710-இல் கத்தோலிக்கர் புனித பேதுரு கோயிலைக் கட்டினார்கள். 1753-இல் டச்சுக்காரர்கள் குன்றின் அடியிலே தங்களுக்குப் புதுக் கோயில் கட்டி முடித்ததும், மேலே இருந்த பழைய கோயில் கைவிடப்பட்டு இடுகாடாயிற்று. இன்று சிவப்பு நிறத்திலே நிற்கும் கிறைஸ்ட் சர்ச் அந்தப் புதுக் கோயில்தான். மலாக்காவில் யார் எந்தச் சபை என்பதைத் தீர்மானித்தது விசுவாச விவாதம் அல்ல, பீரங்கி. ஐரோப்பாவிலும் 1555-இல் செய்த உடன்படிக்கைப்படி, பிரபுவின் மதமே குடிகளின் மதம் என்றாகியிருந்தது.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பிளவு வந்த விதம் வேறு. அங்கே அது புத்தகமாக வந்தது.

கத்தோலிக்கர்கள் முன்பே வந்துவிட்டார்கள். 1578-இல் கொல்லத்திலே, அண்டிரிக் அடிகளார் பெயர்த்த "தம்பிரான் வணக்கம்" என்னும் பதினாறு பக்கச் சிறு நூல் தமிழ் எழுத்திலே அச்சாயிற்று. இந்திய மொழி எழுத்துகளில் முதலில் அச்சேறிய புத்தகம் அதுவே. அது செபமும் போதனையும் அடங்கிய நூல், வேதாகமம் அல்ல. பூசை லத்தீனிலே நடந்தது. சனங்கள் செபமாலை உருட்டிக்கொண்டு கேட்டிருந்தார்கள்.

1706 ஜூலை 9-ஆம் தேதி, டென்மார்க் மன்னர் அனுப்பிய இரண்டு ஜெர்மன் லுத்தரன் போதகர்கள் தரங்கம்பாடியிலே கரையிறங்கினார்கள். சீகன்பால்கு, புளூட்சோ என்பவர்கள். கோட்டையிலிருந்த டேனியத் துரைமாருக்கே அவர்களைப் பிடிக்கவில்லை. சீகன்பால்கு திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலிலே விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். அதோடு முன்பு கத்தோலிக்கக் குருமார் எழுதிய தமிழ் நூல்களையும் தேடிப் படித்து, அவர்கள் செய்துவைத்த சொற்களை எடுத்துக்கொண்டார். எதிர்ச் சபையார் தோண்டிய கிணற்றிலே இவர் தண்ணீர் மொண்டார் என்றால் தப்பில்லை. 1707 மே மாதத்தில் அவர் ஞானஸ்நானம் கொடுத்த முதல் ஐந்து பேர் ஐரோப்பியர் வீட்டு அடிமைகள். அடுத்த ஆண்டு, ஏழை விதவை ஒருத்தியின் கடன் வழக்கிலே அவள் பக்கம் பேசப்போய் மூண்ட தகராறில், கோட்டைத் தளபதி அவரை நான்கு மாதம் சிறையில் போட்டார். துரையை எதிர்த்து ஏழைக்குப் பேசினால் என்ன நடக்கும் என்பது அன்றும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

லண்டனிலிருந்து ஆங்கிலிக்கன் சங்கம் ஒன்று அச்சு இயந்திரம் அனுப்பியது. ஜெர்மனியிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், பக்கத்துப் பொறையாற்றிலே சிறிய எழுத்து வார்த்தார்கள். 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழிலே அச்சாகி வெளிவந்தன. சீகன்பால்கு 1719-இல் முப்பத்தாறாம் வயதிலேயே காலமானார். புத்தகம் நடந்துகொண்டிருந்தது. தஞ்சை அரசரின் படையிலே சேர்வைக்காரராக இருந்த இராசநாயக்கன் கத்தோலிக்கக் குடும்பத்தவர். அவர் கைக்கு அந்தச் சுவிசேஷப் புத்தகம் கிடைத்தது. படித்தார், தரங்கம்பாடி சபையில் சேர்ந்தார், உபதேசியாரானார். 1733-இல் ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்று, முதல் தமிழ்ப் புராட்டஸ்டண்டு போதகரானார்.

இதைப் பார்த்துக்கொண்டு வீரமாமுனிவர் சும்மா இருப்பாரா? தேம்பாவணி பாடிய அதே இத்தாலியக் குரு, "வேதவிளக்கம்", "பேதகமறுத்தல்", "லுத்தேரினத்தியல்பு" என்று நூல் நூலாக எழுதித் தரங்கம்பாடியாரைத் தாக்கினார். அவர்களும் பதில் எழுதினார்கள். இரண்டு பக்கத்திலும் சூடான வார்த்தைகள்தான். ஆனால் சாதாரண மனிதனுக்குப் புரியும் உரைநடையிலே வாதாடினார்கள். நம் தமிழுக்கு அது லாபமாகவே முடிந்தது.

பெயர் வித்தியாசமும் இங்கேதான் விளைந்தது. கத்தோலிக்கக் குருமார் பொருளைத் தமிழாக்கினார்கள். யோவான் என்ற எபிரேயப் பெயருக்குக் கடவுளின் அருள் என்று பொருள், ஆகவே அருளப்பர். பவுல் என்றால் லத்தீனிலே சிறியவர், ஆகவே சின்னப்பர். புராட்டஸ்டண்டுகள் ஓசையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆகவே, நேயர்களே, லயத்தின் இந்தக் கோடி அருளப்பனும் அந்தக் கோடி யோவானும் பெயரிலே ஒருவரே.

பிறகு திருச்சி, தஞ்சை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கப்பலேறிய சனங்கள் இரண்டு சபைகளையும் மலாயாவுக்குக் கொண்டுவந்தார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலே இருக்கும் சீயோன் லுத்தரன் ஆலயம் தரங்கம்பாடி மரபைச் சேர்ந்தது. நம் தோட்டங்களிலே அதிகம் பழக்கமான மெதடிஸ்ட் சபை, ஆங்கிலிக்கன் போதகர் ஜான் வெஸ்லியிடமிருந்து கிளைத்தது. அவருக்கும் லுத்தருக்கும் தொடர்புண்டு. 1738 மே 24-ஆம் தேதி லண்டனிலே ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டபோதுதான் தமக்கு உறுதி பிறந்தது என்று வெஸ்லியே எழுதிவைத்திருக்கிறார்.

இனி, பெண் கேட்டுப் போனவர்களிடம் வருவோம். அவர்களுடைய பாட்டன் காலத்திலிருந்து பல மாறிவிட்டன. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், கத்தோலிக்கப் பூசை தமிழிலே நடக்கிறது. 1995-இல் இரு சபை அறிஞர்களும் சேர்ந்து மொழிபெயர்த்த பொது வேதாகமம், "திருவிவிலியம்" என்ற பெயரிலே வந்தது. 1999 அக்டோபர் 31-ஆம் தேதி, லுத்தர் கடிதம் எழுதிய அதே நாளிலே, ஆக்ஸ்பர்க் நகரத்தில் வத்திக்கானும் லுத்தரன் உலக சம்மேளனமும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. மனிதன் கடவுளுக்கு ஏற்றவனாவது அருளினாலேயே, தன் புண்ணியக் கணக்கினால் அல்ல என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. 2006-இல் உலக மெதடிஸ்ட் சபையும் அதிலே சேர்ந்துகொண்டது. சம்பளமா சோறா என்ற அந்த மூலக்கேள்வியிலே அடிப்படை வழக்கு இல்லை என்று பெரியவர்களே கையெழுத்துப் போட்டாயிற்று. இதைத் தோட்டத்திலே எத்தனை பேருக்குச் சொன்னார்கள் என்பது வேறு விஷயம்.

கலப்புக் கலியாணத்துக்கும் வழி இருக்கிறது. பையன் மெதடிஸ்ட் சபையிலோ லுத்தரன் சபையிலோ முறைப்படி ஞானஸ்நானம் பெற்றவனென்றால், கத்தோலிக்கச் சபை அந்த ஞானஸ்நானத்தை ஏற்றுக்கொள்கிறது; மறுபடி கொடுப்பதில்லை. ஆகையால் அவனுக்கு மறுஞானஸ்நானம் வேண்டும் என்று பெண் வீட்டார் பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. ஆயரின் அனுமதி வேண்டும். அதைப் பங்குச் சாமியார் மூலம் விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகக் கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும்; மறுதரப்புக்கு அது தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அவர் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. இதிலே மனத்தாங்கல் வரலாம். அதைப் பரிசம் போடுவதற்கு முன்பே இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசிக்கொள்வது நல்லது. இன்னும் தீராத ஒன்றும் உண்டு. கலியாணமான பிறகும், பொதுவாக, கணவனும் மனைவியும் ஒரே பீடத்தில் சேர்ந்து நன்மை வாங்க முடியாது. அப்பமும் திராட்சை இரசமும் என்னவாகின்றன, அதைக் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு என்ற பழைய வழக்கு இன்னும் முடியவில்லை. இரு சபைப் பெரியவர்களும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமை காலையிலே, சிரம்பான் போகும் ஒரே பேருந்தில் ஏறி, இரண்டு கோயிலுக்குப் பிரிந்து போய், பகல் சோற்றுக்கு ஒன்றாக வீடு திரும்பும் தம்பதிகள் இருக்கத்தான் செய்வார்கள்.